உறுவையாற்றில் ஓர் அடாவடிக் கட்டு

என் சகலை திருக்காமுவை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். ஊர் சுற்றிய கதையைச் சொல்ல வந்தவன் முதல் வரியிலேயே இப்படிப் புலம்புகிறானே என்று நினைக்காதீர்கள். நான் ஏறிய பஸ், தின்ற மீன், பார்த்த தெரு எல்லாவற்றிலும் இந்த எரிச்சல் உப்பு மாதிரி கலந்துவிட்டது. பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன காரணம் நல்ல காரணம்தான். என் மனைவி கோகிலாவின் தங்கை செல்வி. அவளுடைய வீட்டுக்காரன்தான் இந்தத் திருக்காமு. அவர்கள் மகளுக்குக் காது குத்து. கோகிலாவுக்கு லீவு கிடைக்காததால் தங்கத் தோடும் சீர்த்தட்டுமாகச் சிங்கப்பூரிலிருந்து நான் மட்டும் கிளம்பினேன். இது வெளியே சொன்ன காரணம். வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்தில் ஓர் அட்டை விளையாட்டுப் போட்டி.

அட்டை என்றதும் ரம்மி என்று நினைக்க வேண்டாம். படம் போட்ட அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூதமோ மிருகமோ மந்திரமோ இருக்கும். ஆளாளுக்குப் பிடித்த அட்டைகளைச் சேர்த்து ஒரு கட்டு தயாரித்துக்கொண்டு போய் எதிராளியோடு மோத வேண்டும். முதலில் எவன் உயிர் தீர்கிறதோ அவன் காலி. சிங்கப்பூரில் வருடா வருடம் இதற்கு ஆசிய அளவில் ஒரு போட்டி நடக்கும். என் வீட்டிலிருந்து அந்த அரங்கத்துக்கு ரயிலில் ஏறி, உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கிவிடலாம். ஆனாலும் ஒரு தடவைகூட நான் அதில் ஆடத் தகுதி பெற்றதில்லை. காசு கொடுத்து உள்ளே போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி.

மூலக்குளத்தில் ஜெயிப்பவருக்கு அந்தப் போட்டியில் ஓர் இடமும், போய்வர விமான டிக்கெட்டும் பரிசு. இதைப் போனில் சொன்னவனே திருக்காமுதான். "நீங்களும் ஆடுங்கண்ணா, ஜாலியா இருக்கும்" என்றான். ஜாலியாம்!

வியாழக்கிழமை காலை பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் வில்லியனூர் போர்டு பார்த்து ஏறினேன். பாட்டுச் சத்தத்தில் பஸ்ஸின் தகரமே அதிர்ந்தது. மாமியாரும் திருக்காமு குடும்பமும் இருப்பது உறுவையாற்றில். கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "உறுவையாறா? இது போவாதுப்பா. வில்லியனூர்ல எறங்கி மாறு" என்றார். மாறி ஏறிய பஸ்ஸும் போகவில்லை. ஏதோ ஒரு முக்கில் நின்று புகை விட்டது, எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். சிங்கப்பூரில் ரயில் கொஞ்சம் தாமதமானாலே மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே டிரைவர் என்னைப் பார்த்து, "இன்னும் குந்திகினு இருக்கற?" என்று கேட்டார். பெட்டியைத் தலையில் தூக்காத குறையாகக் கரும்பு வயல் ஓரமாக நடந்து வந்தபோது எதிரே ஒரு குட்டி யானை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டி, வந்து நின்றது. ஓட்டி வந்தது திருக்காமு. மூலக்குளம் பக்கம் புது வீடுகளுக்கு டைல்ஸும் சிமெண்டும் ஏற்றிப் போவது அவன் தொழில். அப்படி ஒரு லோடு இறக்கப் போன இடத்தில்தான் அட்டைக்கடையைக் கண்டுபிடித்திருக்கிறான்.

"இன்னாண்ணா, போன் பண்ணக் கூடாதா?" என்று பெட்டியை வாங்கினான். முன்சீட்டில் அவனுடைய லோடுமேன் இருந்தார். அவரைப் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு, துண்டால் சீட்டைத் தட்டி என்னை உட்கார வைத்தான். அந்த மனிதர் என்னை முறைக்கக்கூட இல்லை.

மாமியார் வீட்டில் மரியாதை என்றால் மரியாதை. நான் மூத்த மாப்பிள்ளை. குளிக்க முதலில் வெந்நீர் எனக்கு, காபியில் முதல் டம்ளர் எனக்கு. கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே எனக்கு மட்டும் இலை. வறுத்த வஞ்சிரம், இறால் தொக்கு, நண்டு ரசம் என்று அத்தை வரிசையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாகத் தள்ளி நின்றார். "மாப்ள ஒண்ணியும் சாப்புடல" என்றார். நான் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், அதுவும் சமையல்கட்டில், தரையில், வட்டமாக. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது பாருங்கள்! அத்தை சிரிக்கிறார். என்னிடம் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசாத மனுஷி, "அட எடுபட்டவனே" என்று திருக்காமுவைத் திட்டித் திட்டிச் சிரிக்கிறார். நேற்று வைத்த மீன் குழம்பைச் சுண்டவைத்து அதற்காக அடித்துக்கொள்கிறார்கள். அந்த வாசனை கூடம் வரை வந்தது.

எனக்கும் கொஞ்சம் கேட்டேன். "அய்யய்யோ, மாப்ளைக்குப் பழைய கொழம்பா? ஊர்ல இன்னா சொல்லுவாங்க" என்று அத்தை பதறிவிட்டார். வஞ்சிரத்தில் இன்னொரு துண்டுதான் கிடைத்தது.

சாயங்காலம் செல்வி ஒரு பையைக் கொண்டுவந்து காட்டினாள். சக்கரம் வைத்த நீலப் பை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "இவரு சிங்கப்பூர் போறதுக்கு மாமா" என்று சொல்லி வெட்கப்பட்டாள். கூடவே பாஸ்போர்ட். உள்ளே எல்லாப் பக்கமும் காலி. போன வருடம் நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன் வா என்று கூப்பிட்டபோது, "சும்மா வந்து இன்னாண்ணா பண்ணப் போறன், எதுனா ஜெயிச்சிட்டு வரன்" என்றவன் இவன். அதற்குத்தான் இந்தப் பை. நான் நல்லது என்றேன். மனசுக்குள், போட்டியே இன்னும் நடக்கவில்லை, அதற்குள் பையா என்று கறுவிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வில்லியனூர் கோயிலில் காது குத்து. தாய்மாமன் இல்லாத வீடு என்பதால் குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார்கள். மாலை, பட்டுத் துண்டு, போட்டோ எல்லாம் எனக்கு. ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டு அலறி, என் சட்டையை மிதித்துக்கொண்டு அப்பனிடம் தாவியது. அவன் தோளில் போய் விழுந்ததும் சத்தம் நின்றுவிட்டது. இயற்கைதான். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் என்னை எதில் சேர்ப்பது?

சனிக்கிழமை மூலக்குளம் போனோம். நான் முதலில் பார்த்தபோது இந்த ரோட்டில் இடைவெளி விட்டு வீடுகள் இருந்தன. இப்போது வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை, கடைக்கும் கடைக்கும் நடுவில் பைக். மொபைல் கவர் விற்கும் கடைக்கு மாடியில் அட்டைக்கடை. நடத்துவது ஸ்டெல்லா என்ற பெண். கடைக்காரியும் அவளே, போட்டி நடுவரும் அவளே. போட்டிக்கு அவள் ஒரு விதி வைத்திருந்தாள். கட்டு முழுவதின் விலையும் சேர்த்து இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் செலவைத் தாண்டக் கூடாது. ஓசியில் வந்த அட்டையானாலும் கடை விலைதான் கணக்கு.

"காஸ்ட்லி அட்டைய வெச்சிகினு டவுன்லேருந்து வந்து அடிச்சிட்டுப் போயிடறாங்கண்ணே. எங்க பசங்க இன்னா பண்ணுவாங்க?" என்றாள் ஸ்டெல்லா. சிங்கப்பூரில் கண்ணாடி அலமாரியில் நான் பூட்டி வைத்திருக்கும் டிராகன்கள் ஞாபகம் வந்தன. ஒன்றையும் இங்கே இறக்க முடியாது.

குறைந்த செலவில் ஜெயிக்க ஒரே வழி அடாவடிக் கட்டுதான். ஆடும் முறை ஒவ்வொரு தடவை வரும்போதும் ஆட்டக்காரருக்குச் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். பெரிய பூதத்தை இறக்க ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். அது வருவதற்குள், சொற்பச் சக்தியில் இறங்கும் பொடி மிருகங்களைச் சரசரவென்று இறக்கி, எதிராளி மூச்சு விடும் முன் அடித்து முடித்துவிட வேண்டும். அதுதான் அடாவடி. தற்காப்பு, தந்திரம், அழகு ஒன்றும் கிடையாது.

ஸ்டெல்லா பழைய பிரியாணி டப்பாக்களில் உதிரி அட்டைகளைக் கொட்டி வைத்திருந்தாள். நான் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தேன். கை கறுத்துப் போனது. அந்தப் பக்கம் திருக்காமு டப்பாவைத் தொடவே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் அவன் மேசைக்கு வந்து சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டார்கள். "காமுண்ணா, இந்த வெறிநாய் உனக்குன்னு வெச்சிருந்தன்." "டேய் காமு, பட்டாசு கேட்டியே, இந்தா." காட்டேரிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்திருந்தாள், இரண்டே அட்டையைக் கொடுப்பதற்காக. வெறிநாய் வந்ததும் கடிக்கும், பட்டாசு எதிராளியின் உயிரிலேயே நேராக வெடிக்கும். பெயர் எல்லாம் இவன் வைத்தது. அட்டையில் இருக்கும் இங்கிலீஷ் பெயரை அந்தக் கடையில் ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு ஒருத்தராவது ஓர் அட்டை நீட்ட வேண்டுமே! "அண்ணே, எடுத்தத அந்தக் கூடையில போடுங்க, கடசியா பில் போட்டுக்கலாம்" என்றாள் ஸ்டெல்லா.

திரும்பும்போது வில்லியனூர் ரயில்வே கேட்டில் வண்டி மாட்டிக்கொண்டது. கேட் திறந்தபோது வண்டி கிளம்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, பிறகு அவர்களே இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். மெக்கானிக் வரும்வரை வண்டியின் பின்பக்கம் சாக்கு விரித்துப் பழகு ஆட்டம் போட்டோம். பக்கத்துக் கடையிலிருந்து டீயும் சூடான போண்டாவும் வந்தன. பகடையில் யாருக்குப் பெரிய எண் விழுகிறதோ அவர்தான் யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்யலாம். அவனுக்கு விழுந்தபோதெல்லாம், "நீங்க போங்கண்ணா" என்றான்.

"ரெண்டு பேருமே அடாவடிக் கட்டு. முதல்ல போறவன் பாதி ஜெயிச்ச மாதிரியில்ல? எதுக்குய்யா எனக்கு விட்டுக்குடுக்குற?" என்றேன்.

"பழக்கமாய்ச்சிண்ணா" என்று சிரித்தான்.

அப்படி விட்டுக்கொடுத்தும் சில ஆட்டங்களில் என்னை அடித்தான். நான் ஆசைப்பட்டுச் சேர்த்திருந்த ஒரு பெரிய காண்டாமிருகம் கையிலேயே தூங்கியது. "அண்ணா, உங்களுது கல்யாணப் பந்தி மாரி இருக்குது. எல போட்டு, தண்ணி தெளிச்சி, உப்பு வெச்சி... அதுக்குள்ள நம்பாளு சாப்ட்டு கை கழுவிட்டுப் போயிடுவான்" என்றான். கோபம் வந்தது. ஆனால் காண்டாமிருகத்தைத் தூக்கிவிட்டு இரண்டு பட்டாசு சேர்த்தேன். எனக்கும் ஆட்டம் தெரியும். அதன் பிறகு அவன் அவ்வளவு சுலபமாக ஜெயிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. பந்தி மேசைகளில் வெள்ளைப் பேப்பர் விரித்து, அதன்மேல் அட்டைகள். என் முதல் எதிராளி பாகூரிலிருந்து வந்த கல்லூரி மாணவன். தோற்றதும் கையைக் குலுக்கி, "சிங்கப்பூர்ல குப்பை போட்டா பிடிச்சுக்குவாங்களாமே, நெஜமாண்ணா?" என்று கேட்டான். இரண்டாவது ஆள் தன் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மேசையில் திருக்காமு ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்து தோற்றான். எல்லாரும் அங்கேதான் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். மற்றவர்களிடம் அவன் வேறு ஆள். பகடையில் பெரிய எண் விழுந்ததும், "நான்தான்!" என்று மேசையில் தட்டினான். வெறிநாயை இறக்கினான், கடித்தான், பட்டாசு போட்டான், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். யாருக்கும் ஒரு துளி விட்டுக்கொடுக்கவில்லை.

மத்தியானம் ஸ்டெல்லா வீட்டிலிருந்து குஸ்கா வந்தது. எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி நின்று அள்ளித் தின்றார்கள். எனக்குத் தனித் தட்டில் போட்டு, நாற்காலியும் கொண்டுவந்து போட்டார்கள். "காமுண்ணனோட பெரிய சகலையாம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அங்கே பெயரே இல்லை.

கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும். ஒரே ஆட்டம், ஜெயித்தவருக்குச் சிங்கப்பூர். கூடம் முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. என் முதுகுக்குப் பின்னால் கை கழுவும் குழாய்.

பகடை உருட்டினோம். எனக்கு இரண்டு. அவனுக்கு ஆறு.

கூட்டம் "ஓ!" என்று கத்தியது. நான் முடிந்தேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பார்த்ததுதான் தாமதம், வாய் தானாகத் திறந்தது.

"நீங்க போங்கண்ணா."

"டேய் காமு! இன்னாடா சொன்ன?" என்று பத்துக் குரல் எழுந்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். முகம் செத்துப் போனது. காட்டேரிக்குப்பத்துப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாய் தவறி வந்துடிச்சிக்கா" என்றான் ஸ்டெல்லாவிடம்.

ஸ்டெல்லா உதட்டைச் சுழித்தாள். "சொன்னது சொன்னதுதான் காமு. எல்லாருக்கும் ஒரே ரூல்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னா அவரே மொதல்ல ஆடலாம். உங்க இஷ்டம்."

அத்தனை கண்களும் என்மேல். திருக்காமு மட்டும் பார்க்கவில்லை. தன் கட்டின் ஓரத்தைச் சமன்படுத்திக்கொண்டிருந்தான். எனக்கு என்னவெல்லாம் ஞாபகம் வந்தது தெரியுமா? நீலப் பை வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த வருடங்கள் வந்தன. சமையல்கட்டுச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

"நானே ஆரம்பிக்கிறேன்" என்றேன்.

ஆரம்பித்தேன். அவன் ஒன்று இறக்கினால் நான் இரண்டு அடி முன்னால் இருந்தேன். முடியும்போது என்னிடம் உயிர் மிச்சம் இருந்தது ஒரு பட்டாசு அளவுக்குத்தான். கடைசி அடியை வாங்கிக்கொண்டு அவன் கையிலிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினான். பட்டாசுதான். அவனுக்கு இன்னும் ஒரு முறை வந்திருந்தால் நான் காலி.

"சூப்பர்ணா" என்று கை கொடுத்தான். கை ஜில்லென்று இருந்தது. கை தட்டினார்கள், தட்ட வேண்டுமே என்று. பரிசை வேறு பெயருக்கு மாற்ற முடியுமா என்று ஸ்டெல்லாவிடம் ஓரமாகக் கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். ஜெயித்தவர் பெயரில்தான் என்றாள். சிங்கப்பூரில் இருப்பவனுக்குச் சிங்கப்பூர் போக விமான டிக்கெட்! ஒருத்தராவது இதற்குச் சிரிப்பார்கள் என்று பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போதும் முன்சீட்டு எனக்குத்தான். அவன் வழியெல்லாம் நல்லபடியாகத்தான் பேசினான். நான் காண்டாமிருகத்தைத் தூக்கியது எப்படிச் சரி என்று விளக்கினான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

செல்விக்கு அதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது. வாசலிலேயே, "ரொம்ப சந்தோசம் மாமா" என்றாள். உள்ளே போய் நீலப் பையை உருட்டிக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருந்தாள். "அக்காவுக்குக் கருவாடு, முறுக்கு எல்லாம் கட்டி வெச்சிருக்கறன். உங்க பை பத்தாது. இது சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கினு போங்க" என்றாள். குத்திக் காட்டவில்லை. அப்படிச் செய்யத் தெரிந்த பெண் இல்லை அவள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கூடத்தில் இலை போட்டார்கள். ஜெயித்து வந்த மாப்பிள்ளை என்று அத்தை கொடுவா மீன் வாங்கி வறுத்திருந்தார். சாப்பிட்டேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு எழுந்தேன். பிறகு அவர்கள் சமையல்கட்டில் உட்கார்ந்தார்கள். இன்றைக்காவது சத்தம் இருக்காது என்று நினைத்தேன். முதலில் இல்லைதான். பிறகு திருக்காமு என்னவோ மெல்லச் சொன்னான். "ஆறு வுழுந்துச்சாம், அண்ணனைப் போவச் சொன்னானாம், எடுபட்டவன்!" என்று அத்தையின் குரல் உயர்ந்தது. செல்வி சிரித்தாள். அவனும் சிரித்தான். சிங்கப்பூர் போய்விட்டது, இவர்கள் சிரிக்கிறார்கள்.

நான் ஜெயித்தவன் ஐயா! எனக்கு அங்கே போய் உட்கார வேண்டும் போலிருந்தது. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன்.

"அத்தை, அந்தப் பழைய குழம்பு கொஞ்சம் குடுங்க. இங்கயே உக்காந்து சாப்பிடுறேன்" என்றேன்.

சிரிப்பு அறுந்தது. அத்தை அவசரமாக எழுந்து முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னா மாப்ள, கூப்ட்டிருந்தா வந்திருக்கமாட்டனா?" செல்வி எழுந்தாள். திருக்காமு எச்சில் கையோடு எழுந்து, தன் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவன் உட்கார்ந்திருந்த இடத்தைத் துண்டால் துடைத்தான்.

"இங்க உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தேன். செல்வி குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். சட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, முழுவதையும் எனக்கே போட்டாள். நான் முதல் வாய் எடுத்து வைப்பதற்காக மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.